அட்டமியில் காயும் நிலம்

பாயா கெலாப்பாவில் கடல் எப்போது வீட்டுக்குள் வரும் என்பது, அங்கே குடியிருக்கிற சனத்துக்கு அடுத்தபடியாக, இந்த உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவர் சுவிஸில், ஓஸ்டர்முண்டிகனில், மூன்றாம் மாடியில் இருக்கிறார். பெயர் சிவானந்தராசா. ஸ்பிட்டால் என்கிற ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற வேலை. எங்கே ஈரம் கண்டாலும் மஞ்சள் பலகை ஒன்றைக் கொண்டுபோய் நிறுத்துவது அவருடைய உத்தியோகம். தங்கை வீட்டு ஈரத்துக்கு நிறுத்துவதற்குத்தான் அவரிடம் பலகை இல்லை.

பாயா கெலாப்பா என்றால் அந்த ஊர்ப் பாஷையில் தென்னஞ்சதுப்பு. இந்தோனேசியாவின் மேடான் நகரம் முடிந்து, துறைமுகத் தெரு முடிந்து, மீன் காயப்போடும் பரண்களும் முடிந்த பிறகு, துணி வெட்டினவன் கழித்துப் போட்ட மிச்சத் துண்டு மாதிரி ஒரு குடியிருப்பு கிடக்கும். அதுதான். கைத்தொலைபேசி வரைபடத்தில் அந்த இடம் வெறும் பச்சையாக இருக்கிறது. வரைந்தவன் அந்தப் பக்கம் போகவில்லை. தென்னைகள் உப்புக் குடித்துத் தலையில்லாமல் நிற்கின்றன. சதுப்பு மட்டும் பெயர் கெடாமல் இருக்கிறது. பலகை வீடுகள். வாசலில் மூன்று கல் உயரத்துக்குக் கட்டு. வருஷத்துக்கு ஒரு கல் கூட்டுகிறார்கள். கடலும் வருஷத்துக்கு ஒரு கல் கூட்டுகிறது.

அவருடைய தங்கை வினோதா அங்கே பன்னிரண்டு வருஷமாக இருக்கிறாள். திருகோணமலையிலிருந்து அவுஸ்திரேலியாவுக்கென்று படகேறியவள். நடுக்கடலில் எஞ்சின் படுத்தது. இந்தோனேசியக் காவல்படகு கட்டி இழுத்துவந்து கரையில் விட்டது. அகதி என்று ஓர் அட்டை கொடுத்தார்கள். அந்த அட்டையோடு வேலை செய்யக் கூடாது, அந்த வட்டாரத்தை விட்டு வெளியே போகக் கூடாது, இருக்கலாம். அந்த அட்டையில் உள்ள ஒரே சலுகை அதுதான், இருக்கலாம். ஏதாவது ஒரு நாடு கூப்பிடும் என்று அகதி அலுவலகக்காரர் தொடக்கத்தில் சொன்னார்கள். பிறகு பார்ப்போம் என்றார்கள். இப்போது அவளைக் கண்டால் சுகமோ என்று மட்டும் கேட்கிறார்கள்.

படகேறும்போது வினோதாவுக்கு இருபத்தாறு வயது. மீதிக் கணக்கை யாரும் வாய்விட்டுப் பார்ப்பதில்லை.

இனி ஒரு கதவுதான் மிச்சம். சுவிஸ் பாஸ்போர்ட் வைத்திருக்கிற ஒருவன் தாலி கட்டிக் கூப்பிட்டால் வரலாம். அந்தக் கதவையும் சிவானந்தராசா இரண்டு தரம் தட்டிப் பார்த்துவிட்டார். ஒன்று லுசேர்னில், மற்றது பாசலில். இரண்டு இடத்திலும் சாதகம் பொருந்தியது, படம் பிடித்தது, தேத்தண்ணியும் குடித்தார்கள். அதன் பிறகு, "கப்பல்ல வந்த பிள்ளையோ? தனியவோ? எத்தினை ஆம்பிளையளோட?" என்று கேட்டார்கள். கேட்டுவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று எழும்பிப் போனார்கள். சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கடைப்படி இறங்கிய வாடிக்கையாளன் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

சிவானந்தராசாவின் தகப்பன் திருகோணமலைச் சந்தைக்குப் பக்கத்தில் துணிக்கடை வைத்திருந்தவர். மகனுக்கு இரத்தத்தில் கடை ஓடியது. பூவை வெளிச்சத்தில் காட்டு, கறையை மடிப்புக்குள் வை, கத்தரிக்கோல் விழுந்த பிறகு மடிப்பை விரி. மூன்றாவது சம்பந்தத்தை அவர் அப்படித்தான் விரித்தார்.

மாப்பிள்ளை லக்ஷ்மணன், சுவிஸின் கூர் நகரத்தில் ஒரு ஹோட்டலில் சமையல். நாற்பத்தைந்து வயது, ஒருதரம் கலியாணம் கட்டிப் பிரிந்தவர். ஆனால் சிவானந்தராசா பேச வேண்டியிருந்தது லக்ஷ்மணனோடு அல்ல. அவருடைய தமக்கை குணேஸ்வரியோடு. குணேஸ்வரி பூம்ப்ளிஸில் இருக்கிறார். வெள்ளிக்கிழமை தவறாமல் ஒய்ரோப்பாபிளாட்ஸ் கோயிலுக்கு வருவார். பூசை முடிந்து, சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்து வாங்குப் பலகையில் வைத்துத்தான் பேச்சு நடந்தது.

"பிள்ளை கடற்கரைப் பக்கமோ இருக்கிறா?"

"கதவைத் திறந்தா கடல்தான் அக்கா."

"தென்னை, கின்னை?"

"ஊரின்ர பேரே தென்னைதான்."

"என்ன செய்யிறா?"

"பிள்ளையளுக்குத் தமிழ் சொல்லிக் குடுக்கிறா."

ஒன்றும் பொய்யில்லை. பக்கத்து வீட்டு அகதிப் பிள்ளைகள் இரண்டுக்கு அவள் ஆனா ஆவன்னா சொல்லிக் கொடுக்கிறாள். கூலி, கருவாடு.

குணேஸ்வரிக்குத் திருப்தி. "அப்ப வீடியோவில பொம்பிளையைப் பாப்பம். நாளைச் சொல்லும் தம்பி."

"வாற சனிக்கிழமை வசதி அக்கா."

குணேஸ்வரி கைத்தொலைபேசியில் பஞ்சாங்கத்தைத் திறந்து, கண்ணாடியை மூக்கில் இறக்கினார். "சனி அட்டமி எல்லோ?"

"அப்ப ஞாயிறு."

"நவமி! உமக்கென்ன விசரோ? அட்டமி நவமியில ஒருத்தன் முடி வெட்டவும் போகமாட்டான். நீர் பொம்பிளை காட்டப் போறீரோ?"

சிவானந்தராசா என்ன சொல்வார்? இதை அவர் பத்து வருஷமாக மனதுக்குள் வைத்துப் புழுங்குகிறார். சந்திரன் பாதியாக நிற்கிற அட்டமி நவமியில்தான் கடலுக்குச் சோம்பல் பிடிக்கும், பாயா கெலாப்பாவில் நிலம் காயும். பௌர்ணமி அமாவாசையை நெருங்கினால் முழங்கால் தண்ணீர். நம்முடைய பஞ்சாங்கம் எந்த நாளை நல்ல நாள் என்று தூக்கி வைக்கிறதோ, அந்த நாளில் அவருடைய தங்கை கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்கிறாள்.

"நவராத்திரி முடியட்டும்," என்றார் குணேஸ்வரி. "ஐப்பசிப் பௌர்ணமிக்கு முதல் நாள் ஞாயிறு. வளர்பிறை. அம்சமான நாள்."

நாளில் தோற்ற வியாபாரி நேரத்தில் பிடித்தார். குணேஸ்வரி மத்தியானத்துக்குப் பின் என்றார். இவர் விடியக் காலை என்றார். அவர் பன்னிரண்டுக்கு இறங்கினார். இவர் ஒன்பதுக்கு ஏறினார். அப்போதுதான் குணேஸ்வரிக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை இராகு காலம் பின்னேரம் நாலரையில் தொடங்கும். ஆனால் எந்த ஊர் நாலரை? மாப்பிள்ளை ஊரோ, பொம்பிளை ஊரோ?

"ரெண்டிலயும் இருக்கக் கூடாது," என்று அவரே தீர்ப்பும் சொன்னார். குரல் சட்டென்று இறங்கியது. "தம்பி, அவன் முதல் கலியாணத்துக்கு நாளும் பாக்கேல்லை, நேரமும் பாக்கேல்லை, என்னையும் கேக்கேல்லை. ரெண்டு வருஷத்தில அவள் விட்டிட்டுப் போயிட்டாள். நான் கூருக்குப் போய்க் கதவை உடைச்சு அவனை வெளியில எடுத்தனான். இன்னொருக்கா உடைக்க என்னால ஏலாது."

"இஞ்ச பத்து மணியெண்டா அங்க பின்னேரம் மூண்டு, அக்கா. ரெண்டு பக்கமும் சுத்தம்."

அன்றைக்கு அங்கே தண்ணீர் நாலரைக்குத்தான் படியேறும். மூன்றுக்குத் தொடங்கி நாலுக்குள் முடித்துவிடலாம். குணேஸ்வரி விரல் விட்டுப் பார்த்துவிட்டு, ஓம் என்றார்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் மனைவி சிவகலா கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டுப் பார்த்தாள். "கடலோடயும் இராகுவோடயும் ஒரே மூச்சில பேரம் பேசி முடிச்சிட்டியள். என்னோட ஒரு சோபா வாங்கப் பேசுங்கோ எண்டா வாய் வராது."

"முதல் பொம்பிளையைப் பாக்கட்டும். படகுக் கதையைப் பிறகு மெல்லச் சொல்லுவம்."

"எப்ப? தாலி கட்டேக்கையோ?"

வினோதாவிடம் தொலைபேசியில் சொன்னபோது அவள் சிரித்தாள். பன்னிரண்டு வருஷத்தில் அவளிடம் வளர்ந்த ஒரே சொத்து அந்தச் சிரிப்பு. அதில் ஈரம் இல்லை.

"அப்ப மூண்டு மணிக்கு வெளிக்கிட்டு இருக்கிறன். ஆனா கடலுக்கு ஆர் சொல்லுறது அண்ணா?"

"பகிடியை விடு. இடுப்புக்கு மேல மட்டும் தெரியிற மாதிரி இரு. இன்னொண்டு, நீ எடுக்காதை. பொம்பிளைப் பகுதி முந்தி எடுத்தா அவதி எண்டு நினைப்பினம்."

"அவதி இல்லையோ அண்ணா?"

"வினோதா."

"சரி, சரி. எடுக்கேல்லை."

அந்த ஞாயிறு விடிந்தது. இருளோடு இருளாக நாடு முழுவதும் கடிகாரங்கள் ஒரு மணித்தியாலம் பின்னுக்குப் போயிருந்தன. குளிர்காலம் வருகிறதென்று இவர்கள் வருஷாவருஷம் செய்கிற காரியம். ஒரு மணித்தியாலம் சும்மா கிடைத்ததென்று சிவானந்தராசா போர்வையை இன்னொருதரம் இழுத்துப் போர்த்தார். எழும்பிச் சுவர்க் கடிகாரத்தைத் தன் கையாலேயே திருப்பி வைத்தார். அடுப்பில் இருந்த கடிகாரத்தை மட்டும் எப்படித் திருப்புவதென்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. சிவகலா வடைக்கு எண்ணெய் வைக்கும்போது சுவர் ஒன்பது காட்டியது, அடுப்பு பத்துக் காட்டியது.

"இதுக்கு வயசு போய் அறளை பேந்திட்டுது," என்றார் சிவானந்தராசா.

"வீட்டுக்காரர் மாதிரி," என்றாள் சிவகலா.

குணேஸ்வரியும் லக்ஷ்மணனும் சொன்ன நேரத்துக்கே வந்தார்கள். தமிழ்ச் சனம் சொன்ன நேரத்துக்கு வந்தால் அது நல்ல சகுனம் இல்லை என்று சிவகலா குசினிக்குள் முணுமுணுத்தாள். லக்ஷ்மணன் கூரிலிருந்து முதல் நாளே வந்து தமக்கை வீட்டில் தங்கியிருந்தார். கையில் சூட்டுத் தழும்புகள். அதிகம் பேசாத மனுஷன். உதவி செய்கிற மனுஷன். அதுதான் கெடுத்தது. சிவானந்தராசா கைத்தொலைபேசியைப் பூச்சாடியில் சாய்த்து வைக்க, அவர் எழும்பி வந்தார்.

"உதில என்னத்தைத் தெரியும் அண்ணை? தாங்கோ, டிவியில போட்டு விடுறன்."

சரக்கு சிறிதாகத் தெரிந்தால் கறையும் சிறிதாகத் தெரியும் என்பது சிவானந்தராசாவின் எண்ணம். அது போயிற்று. வடை, தேத்தண்ணி, ஊர் விசாரணை எல்லாம் முடிந்து வினோதாவை எடுத்தபோது, சுவரளவு திரையில் அவள் வந்தாள். இரவல் பச்சைச் சேலை. பின்னால் ஒரு திரைச்சீலை, பிளாஸ்டிக் பூ. கட்டிலில் நேராக இருந்தாள்.

"எப்பிடி இருக்கிறியள்?" என்றார் லக்ஷ்மணன்.

"இருக்கிறன்."

பிறகு சமையல்காரர் தனக்குத் தெரிந்த பாதையில் போனார். "அங்க என்ன மீன் நல்லம்?"

"வாசலுக்கு எது வருகுதோ அது."

லக்ஷ்மணன் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைக் குணேஸ்வரியே திரும்பிப் பார்த்தார். எத்தனை வருஷத்துக்குப் பிறகோ. "எங்கட ஹோட்டல்ல மீன் மணக்கக் கூடாது. மணக்காத மீனைத்தான் கேப்பினம். நான் ஒரு மீன் குழம்பு வைச்சு எத்தினை காலம்."

"புளி விட்டோ, தேங்காய்ப்பால் விட்டோ?"

"ரெண்டும் விடுவன்."

"அப்ப நீங்கள் எங்கட பக்கம்தான்," என்றாள் வினோதா.

சிவகலா குசினி வாசலில் நின்று கணவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இத்தனை வருஷமாக அவர் கண்டிராத ஒன்று, மெச்சுதல் போல, இருந்தது. சிவானந்தராசா மனதுக்குள் கத்தரிக்கோலை எடுத்தார்.

அப்போது திரைக்குள் எங்கோ தூரத்தில் டங், டங் என்று சத்தம் கேட்டது.

பாயா கெலாப்பாவில் கடலோர முதல் வீட்டுக்காரி தண்ணீரைக் கண்டதும் சட்டியில் தட்டுவாள். அதைக் கேட்டு அடுத்த வீடு தட்டும். அப்படியே வீடு வீடாக ஊருக்குள் வரும். தண்ணீர் பின்னால் வரும். அந்தச் சத்தத்தைச் சிவானந்தராசா நித்திரையிலும் அறிவார். ஆனால் இப்போது ஏன்? அங்கே மூன்றரைதானே? கடல் என்றைக்கும் சொன்ன நேரத்துக்கு முந்தி வந்ததில்லையே?

"கோயில் மணியோ?" என்றார் குணேஸ்வரி, கன்னத்தில் போட்டுக்கொண்டு. "பாத்தியே, நல்ல சகுனம்."

"ஓம் அக்கா," என்றார் சிவானந்தராசா.

சத்தம் கிட்ட வந்தது. வினோதாவின் கண் ஒருதரம் கீழே போய் மேலே வந்தது. குணேஸ்வரிக்கோ நிறைவு, நிறைந்தால்தான் பொம்பிளை பார்ப்பதன் கடைசிச் சடங்கு ஞாபகம் வரும்.

"பிள்ளை, ஒருக்கா எழும்பி நடந்து காட்டம்மா. கோவியாதை. எங்கட ஆக்கள் பாக்கிறதுதானே, கால் கையை."

"வீடியோவில என்ன நடை அக்கா?" என்றார் சிவானந்தராசா. "அவ பள்ளிக்கூடத்தில ஓட்டத்தில கப் எடுத்தவ. படம் அனுப்புறன்."

"ஓட வேண்டாம். நாலடி நடந்தாப் போதும்."

"ரெண்டடி போதாதோ?"

"எழும்பாத பிள்ளைக்கு ரெண்டடியும் கூடத்தான்," என்றார் குணேஸ்வரி. குரலில் சிரிப்பு இல்லை.

வினோதா தமையனைப் பார்த்தாள். எழும்பினால் தண்ணீர் தெரியும். எழும்பாவிட்டால் நொண்டி என்று போகும். இரண்டு விலையும் நட்டம். அவள்தான் முடிவெடுத்தாள். சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

சளக். சளக். சளக். சளக்.

ஒரு பிளாஸ்டிக் செருப்பு திரையின் அடியில் இடமிருந்து வலமாக ஆறுதலாக மிதந்து போனது.

"உது என்ன?" என்றார் குணேஸ்வரி.

"கடல் பக்கம் எண்டு சொன்னனான்தானே அக்கா..."

"கடல் வீட்டுக்குள்ள வந்திட்டுது," என்றாள் வினோதா. நின்ற இடத்திலிருந்தே நிதானமாகச் சொன்னாள். "முழங்கால் மட்டும் வரும், பிறகு இறங்கிடும். நான் படகில வந்தனான் அக்கா. அவுஸ்திரேலியாவுக்குப் போக வந்து இஞ்ச மாட்டுப்பட்டனான். அண்ணா சொல்லியிருக்க மாட்டார். எனக்குக் காலில ஒரு குறையும் இல்லை."

வடைத் தட்டில் சிவகலாவின் கை அப்படியே நின்றது. லக்ஷ்மணன்தான் முதலில் அசைந்தார்.

"நானும் குசினிக்குள்ள நாள் முழுக்க ஈரத்திலதான் நிக்கிறன்," என்றார். திரையைப் பார்த்துத்தான் சொன்னார். "நீங்கள் கட்டில்ல ஏறி இருங்கோ. குளிரும்."

சிவானந்தராசா தன் காதை நம்பவில்லை. குணேஸ்வரி என்ன சொல்வாரோ என்று திரும்பினார். அவர் முகத்தில் கோபம் இல்லை. ஏதோ கணக்குப் பார்க்கிற முகம்.

"பிள்ளை," என்றார் குணேஸ்வரி, "அங்க இப்ப எத்தினை மணி?"

"நாலரை தாண்டிட்டுது அக்கா."

"நாலரையோ? மூண்டரை எண்டெல்லோ..." குணேஸ்வரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தரை தாண்டியிருந்தது. விரல் விட்டார். ஒருதரம், இன்னொருதரம். பிறகு சிவானந்தராசாவைப் பார்த்தார். "தம்பி, இண்டைக்கு விடிய நேரம் மாத்தினதெல்லோ?"

பேரம் பேசுகிறவன் எல்லாவற்றையும் எண்ணுவான், கையில் இருக்கிறதைத் தவிர. கோடை முழுவதும் அங்கத்து நேரத்துக்கும் இங்கத்து நேரத்துக்கும் இடைவெளி ஐந்து மணித்தியாலம். இன்று விடியக் காலையிலிருந்து ஆறு. இங்கே பத்து என்றால் அங்கே நாலு. கடல் சொன்ன நேரத்துக்குத்தான் வந்திருக்கிறது. இராகுவும் அப்படியே.

குணேஸ்வரி கைப்பையை எடுத்தார்.

"அக்கா, பொய் சொன்னது என்ர பிழை..."

"பொய் பரவாயில்லை தம்பி. கலியாணத்தில பொய் சொல்லாத ஆக்கள் ஆர்? தண்ணி, படகு, அதுகளையும் பாத்துக் கீத்துச் செய்யலாம். பிள்ளை நல்ல பிள்ளை. முகத்தைப் பாத்தாத் தெரியுது. ஆனா நடந்தது இராகு காலத்தில. பொம்பிளை நடந்த நேரம் அதுதான்."

"இஞ்ச இராகு காலம் இல்லையே அக்கா. பாத்தது இஞ்ச இருந்துதானே?"

"நடந்தது அங்க."

"பாத்தவை நாங்கள். பாக்கிறவைக்குத்தானே நேரம்?"

குணேஸ்வரி ஒரு கணம் நின்றார். தராசு முள் ஆடியதைச் சிவானந்தராசா கண்டார். அப்பன் கடையில் இந்த ஆட்டத்தை எத்தனை தரம் கண்டவர்.

"விட்டுப் பாக்க எனக்கு ரெண்டு தம்பி இல்லை," என்றார் குணேஸ்வரி. சப்பாத்தைப் போடக் குனிந்தார்.

லக்ஷ்மணன் திரையைப் பார்த்துக் கும்பிட்டார். கும்பிடுவதா, கை அசைப்பதா என்று தெரியாமல் இரண்டுக்கும் நடுவில் ஒன்று செய்தார். படியிறங்கும்போது பின்தங்கி, சிவானந்தராசாவின் கையைப் பிடித்தார்.

"அண்ணை, அக்காவை மீறி ஒருக்காச் செய்து பாத்திட்டன். இன்னொருக்கா எனக்குத் தெம்பில்லை." இரண்டு படி இறங்கிவிட்டு ஏறி வந்தார். "அவவை மேல ஏறி இருக்கச் சொல்லுங்கோ."

சிவானந்தராசா கதவைச் சாத்திவிட்டுக் குசினிக்குள் வந்தார். அடுப்பின் கடிகாரம் சுவரைவிட ஒரு மணித்தியாலம் முந்தி நின்றது. காலையில் வீட்டிலேயே ஒரு சாமான்தான் அறளை பேராமல் இருந்திருக்கிறது. சிவகலா ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மிஞ்சின வடையை ஒரு டப்பாவில் போட்டு மூடினாள்.

டிவியை நிறுத்திவிட்டுக் கைத்தொலைபேசியில் தங்கையை எடுத்தார். அவள் சேலையை மாற்றியிருந்தாள். காலை மடித்துக் கட்டிலில் இருந்தாள்.

"போயிட்டினமோ?"

"ஓம்."

"நல்ல மனுஷன்."

"ஓம்." பிறகு கேட்டார்: "நீ எத்தினை மணிக்கு வெளிக்கிட்டு இருந்தனி?"

"நீங்கள் சொன்ன மூண்டுக்குத்தான். தரையெல்லாம் காஞ்சு கிடந்தது அண்ணா. துடைச்சுப் பாயும் விரிச்சனான். நடக்கச் சொன்னா நடக்கலாம் எண்டு அந்தப் பாயிலயே ரெண்டு தரம் நடந்தும் பாத்தனான்."

"பின்னை ஏன் என்னைக் கூப்பிடேல்லை? ஒரு மணித்தியாலமாப் பாத்துக்கொண்டு இருந்தனியே?"

"பொம்பிளைப் பகுதி எடுக்கக் கூடாது எண்டனீங்கள். மாப்பிளைப் பகுதி பிந்தித்தானே வருவினம் எண்டு இருந்திட்டன்."

இருந்திட்டன். சிவானந்தராசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"இன்னொரு இடம் பாப்பம்," என்றார். "சூரிச்சில ஒரு பெடியன் இருக்கிறானாம்..."

"அட்டமியில பொம்பிளை பாக்கிற ஆக்களாப் பாருங்கோ," என்றாள் வினோதா. அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கும் இம்முறை வரவில்லை. "வைக்கட்டோ அண்ணா? தண்ணி ஏறினாக் கரண்டை நிப்பாட்டுவாங்கள். சார்ஜும் இல்லை."

"எப்ப இறங்கும்?" என்று கேட்டார். அவருக்குத் தெரியும், அந்த ஊர்க்காரரைத் தவிர உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். ஆனாலும் கேட்டார்.

"இரவாகும்," என்றாள். "இண்டைக்குப் பரவாயில்லை அண்ணா. நாளைக்கெல்லோ பௌர்ணமி."